கடல் அட்டை பிடிப்புத் தடை

கடல் அட்டை பிடிப்புத் தடை என்பது இந்தியக் கடற்பகுதிகளில் கடல் அட்டைகளைப் பிடித்தல், வைத்திருத்தல், பதப்படுத்துதல், விற்றல், ஏற்றுமதி செய்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கும் சட்ட ஏற்பாட்டைக் குறிக்கும். இந்திய நடுவண் அரசு 2001 ஆம் ஆண்டு ஜூலை மாதம் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்ததன் மூலம் இத்தடை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைகளே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. தடை தொடர வேண்டுமா, கட்டுப்பாடுகளுடன் பிடிப்பை அனுமதிக்கலாமா என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீனவர், வனத்துறையினர், கடல் உயிரியல் அறிஞர் ஆகியோரிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது.

உயிரியல்

கடல் அட்டைகள் முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த முதுகெலும்பற்ற உயிரினங்கள். நட்சத்திர மீன்கள் இவற்றின் உறவினங்கள். பெயரில் அட்டை என்று இருந்தாலும், நன்னீரிலும் ஈரநிலங்களிலும் வாழும் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கும் இவற்றுக்கும் எத்தொடர்பும் இல்லை. உலகில் சுமார் 1,700 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில பத்து இனங்களே வணிக மதிப்பு உடையவை.

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைப் பகுதியிலும் மீனவர்கள் இவற்றைத் தோற்றத்தைக் கொண்டு பெயரிட்டு அழைக்கின்றனர். வெள்ளை அட்டை (ஹோலோதூரியா ஸ்கேப்ரா), ராஜா அட்டை (ஹோலோதூரியா ஸ்பினிபெரா), குச்சி அட்டை (ஹோலோதூரியா அட்ரா), நூல் அட்டை (போஹாட்ஸ்கியா மார்மொரேட்டா) ஆகியன இப்பகுதியில் நன்கு அறியப்பட்டவை. இவற்றுள் வெள்ளை அட்டைக்கே விலை அதிகம்.

வெள்ளை அட்டை ஆழம் குறைந்த மணற்பாங்கான கடலடியிலும் கடற்புல் படுகைகளிலும் வாழ்கிறது. ஆணும் பெண்ணும் தத்தம் உயிரணுக்களைக் கடல் நீரில் வெளியிடுகின்றன. கருக்கட்டல் நீரிலேயே நிகழ்கிறது. பிறக்கும் இளவுயிரிகள் ஏறத்தாழ இரு வாரங்கள் மிதந்து திரிந்த பின் கடற்புல்லின் இலைகளில் தங்கி, சற்று வளர்ந்ததும் மணலுக்கு இறங்குகின்றன.

இந்த இனப்பெருக்க முறை, தடை பற்றிய விவாதத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. அட்டைகள் மிக மெதுவாக நகர்பவை. ஓர் இடத்தில் அவற்றின் அடர்த்தி குறைந்துவிட்டால், நீரில் விடப்படும் உயிரணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் குறைகிறது. எனவே முற்றிலும் பிடித்துத் தீர்க்கப்படாத இடத்திலும்கூட, எஞ்சியவை தொலைவில் தனித்தனியே கிடந்தால் இனம் பெருகாமல் போகலாம்.

சூழலியல் முக்கியத்துவம்

மண்ணுக்கு மண்புழு எத்தகையதோ, கடலடி மணலுக்குக் கடல் அட்டை அத்தகையது எனலாம். இவை மணலை விழுங்கி, அதிலுள்ள கரிமப் பொருள்களையும் நுண்ணுயிரிகளையும் செரித்து, தூய்மையான மணலை வெளியேற்றுகின்றன. வெள்ளை அட்டை நாள்தோறும் மணலுக்குள் புதைந்து வெளிவரும் பழக்கம் உடையதால் மணல் கிளறப்பட்டுக் காற்றோட்டம் பெறுகிறது. அட்டைகள் வெளியேற்றும் ஊட்டப்பொருள்கள் கடற்புல்லுக்கும் பாசிகளுக்கும் உரமாகின்றன. மன்னார் வளைகுடாவின் கடற்புல் படுகைகள் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு உணவாகவும் பல மீனினங்களுக்கு நாற்றங்காலாகவும் அமைந்தவை.

பிரெஞ்சு பொலினீசியாவின் மூரியா தீவில் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, கடல் அட்டைகள் அகற்றப்பட்ட இடங்களில் பவளங்கள் நோயுற்று இறப்பது பெருமளவு கூடுவதைக் காட்டியது. பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவுக்கும் இம்முடிவு கருத்தில் கொள்ளத்தக்கது.

வணிக வரலாறு

பதப்படுத்தி உலர்த்திய கடல் அட்டை சீன உணவிலும் மருத்துவத்திலும் பல நூற்றாண்டுகளாக மதிக்கப்படும் பொருள். மலாய் மொழியில் இது திரிபாங் எனப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் மக்காசார் மாலுமிகள் இதனைத் தேடி ஆத்திரேலியாவின் வடகரை வரை சென்று வந்தனர். தென்னிந்தியக் கரையில் அட்டை பதப்படுத்தும் தொழிலைச் சீனர்களே அறிமுகப்படுத்தினர் என்று கருதப்படுகிறது. சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1917 இல் இத்தொழிலின் வரலாறு பற்றி எழுதியுள்ளார்.

பதப்படுத்தும் முறை எளியது. பிடித்த அட்டையின் குடலை அகற்றி, கொதிநீரில் வேகவைத்து, ஈரமணலில் புதைத்து வைப்பர். தோலின் மேற்பரப்பு இளகியதும் அதிலுள்ள சுண்ணாம்புத் துகள்களைத் தேய்த்து நீக்கி, மீண்டும் வேகவைத்து வெயிலில் உலர்த்துவர். முடிவில் எஞ்சுவது உயிருள்ள அட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். தென்னிந்தியக் கரையில் இதனை உண்ணும் வழக்கம் இல்லை. உற்பத்தி முழுவதும் சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களுக்கு ஏற்றுமதியானது. உயர்தர வெள்ளை அட்டை ஹாங்காங் சந்தையில் கிலோ ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான அமெரிக்க டாலர் விலை பெறுகிறது.

பிடிக்கும் முறைகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை இரு கடல்களைப் பார்க்கிறது. சிக்கல் பகுதிக்குத் தெற்கே அமைந்த வாலிநோக்கம் தொடங்கி ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம் வரையிலான தென்கரை மன்னார் வளைகுடாவை ஒட்டியது. தேவிபட்டினம், தொண்டி முதலிய ஊர்களைக் கொண்ட வடகரை பாக்கு நீரிணையை ஒட்டியது. இரு பக்கங்களிலும் தடைக்கு முன்னர் அட்டை பிடிக்கப்பட்டது. முறைகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது மூழ்கிப் பிடித்தல். சங்கு குளிப்போர் நாட்டுப்படகுகளில் சென்று, மூச்சடக்கி மூழ்கி, கண்ணில் படும் அட்டைகளைக் கையால் எடுத்துப் பையில் இடுவர். ஆழம் குறைந்த இடங்களில் நடந்து சென்றும் பொறுக்கி எடுப்பதுண்டு. இரண்டாவது மடியில் அகப்படுதல். விசைப்படகுகள் இழுக்கும் இழுவை மடிகள் கடலடியை வாரிச் செல்லும்போது இறாலுடனும் மீனுடனும் அட்டைகளும் சிக்குகின்றன.

முதல் முறையில் மீனவர் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க முடியும். இரண்டாவது முறையில் அத்தகைய தெரிவுக்கு இடமில்லை. சிறியது பெரியது என்ற வேறுபாடின்றி எல்லாம் வருகின்றன. அட்டைகள் வாழும் கடற்புல்லும் சிதைகிறது.

சட்ட நிலை

1982 இன் அளவு விதி

கடல் அட்டை தொடர்பான முதல் முக்கியக் கட்டுப்பாடு 1982 இல் வந்தது. பதப்படுத்தப்பட்ட நிலையில் 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டைகளை ஏற்றுமதி செய்வதை நடுவண் அரசு தடை செய்தது. இளம் அட்டைகளைக் காப்பதே நோக்கம். ஆனால் அளவு பார்க்கப்பட்டது கடலில் அன்று. உலர்ந்த சரக்கு ஏற்றுமதியாகும் இடத்தில். அங்கே சிறியது என்று ஒதுக்கப்படும் அட்டை ஏற்கெனவே இறந்து உலர்ந்துவிட்ட ஒன்றாகும். அதனைக் கடலில் திருப்பி விட இயலாது.

2001 இன் முழுத் தடை

2001 ஜூலையில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி, யானை முதலிய விலங்குகளுக்கு உரிய உயர்நிலைப் பாதுகாப்பு இதன் மூலம் அட்டைகளுக்கும் கிடைத்தது. அதே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. மீனவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, 2001 டிசம்பரில் அப்பட்டியல் திருத்தப்பட்டு, சுறா, திருக்கைகளுள் சில இனங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு என வரையறுக்கப்பட்டது. கடல் அட்டைகளுக்கு இத்தகைய தளர்வு அளிக்கப்படவில்லை. அரிதாகிவிட்ட இனம், பரவலாகக் காணப்படும் இனம் என்ற பாகுபாடின்றி எல்லாமே தடைக்குள் இருந்தன.

2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின் கீழும் கடல் அட்டைகளுக்கான பாதுகாப்பு தொடர்கிறது. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படலாம்.

தடைக்குப் பிந்தைய நிலை

சட்டப்படியான ஏற்றுமதி நின்றது, வணிகம் நிற்கவில்லை. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் சட்டப்படி செல்லும். எனவே இராமேசுவரம், மண்டபம் கரைகளிலிருந்து படகில் சில மணி நேரத்தில் அடையக்கூடிய தொலைவில் அட்டைக்குச் சட்டப்படியான சந்தை இருந்தது. கரையை விட்டுக் கடத்தப்படும் அட்டை, மறுகரையை அடைந்தபின் இலங்கைச் சரக்குடன் கலந்துவிடுகிறது.

வனத்துறை, சுங்கத்துறை, கடலோரக் காவல் படை, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஆகியவை அட்டைகளைப் பறிமுதல் செய்யும் செய்திகள் இம்மாவட்டத்தில் இடைவிடாது வருகின்றன. 2021 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் கடலோரக் காவல் படை சுமார் 2 டன் கடல் அட்டையைக் கைப்பற்றியது. அதன் மதிப்பு 8 கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது. 2020 இல் இலட்சத்தீவில், மனிதர் குடியிராத சுகேலித் தீவில் 1,716 அட்டைகள் கைப்பற்றப்பட்டன. அதையடுத்து அங்கு 239 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல் அட்டைக் காப்பிடம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கடல் அட்டைகளுக்கெனத் தனியே அமைக்கப்பட்ட உலகின் முதல் காப்பிடமாக அது கருதப்படுகிறது.

தடைக்கு ஆதரவான வாதங்கள்

* வளர்ச்சியும் இனப்பெருக்கமும் அடர்த்தியைச் சார்ந்திருப்பதால், அட்டைகள் அளவுக்கு மீறிய பிடிப்பிலிருந்து எளிதில் மீள்வதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெள்ளை அட்டையை அழியும் ஆபத்துள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.
* விலை உயர உயர, அரிதாகிவிட்ட அட்டையையும் தேடிப் பிடிப்பது இலாபமாகவே இருக்கும். பிடிப்பு குறைந்தால் தொழில் தானே நின்றுவிடும் என்ற பொதுவிதி இங்கு பொருந்தாது.
* பல இனங்கள் பதப்படுத்தியபின் ஒன்றுபோலத் தோன்றும். சில இனங்களை மட்டும் அனுமதித்தால், தடை செய்யப்பட்டவற்றை அவற்றுடன் கலந்து அனுப்ப வழி ஏற்படும்.
* மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 இல் தேசியப் பூங்காவாகவும், வளைகுடா 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அட்டை பிடிக்க அனுமதித்தால் தீவுகளைச் சுற்றியுள்ள காப்புப் பகுதியிலும் ஊடுருவல் பெருகும்.

தடைக்கு எதிரான வாதங்கள்

* தடை பிடிக்கும் முறையைப் பார்க்கவில்லை. மூச்சடக்கி மூழ்கி நான்கு அட்டைகளை எடுப்பவரும், கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியும் சட்டத்தின் முன் ஒன்றாகவே நிற்கின்றனர். நடைமுறையில் கரையில் பையுடன் பிடிபடுபவர் பெரும்பாலும் முன்னவரே.
* மடியில் தானே வந்து அகப்படும் அட்டையைப் படகில் வைத்திருந்தாலும் மீனவர் குற்றவாளியாகக் கருதப்படக்கூடும்.
* பிடிப்பு நின்றதோடு, பிடிப்பு குறித்த புள்ளிவிவரங்களும் நின்றுவிட்டன. இனம் பெருகியதா குறைந்ததா என்பதை அறியத் துணைபுரிந்த முதன்மைத் தகவல் ஊற்று இவ்வாறு அடைபட்டது. கைப்பற்றப்படும் அட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கடலில் உள்ளவற்றைக் கணிக்க இயலாது.
* தடையால் இழந்த வருவாய்க்கு ஈடாக, சங்கு குளிப்போருக்கும் சிறு படகு மீனவருக்கும் நிலையான மாற்றுத் தொழில் அமையவில்லை என்பது மீனவர் அமைப்புகளின் குறை.

முறையும் அளவும்: ஓர் ஒப்பீடு

ஓர் உயிரினத்தைப் பிடிக்கலாமா என்ற கேள்வியும், அதனை எம்முறையில் பிடிக்கலாம் என்ற கேள்வியும் வேறானவை. இவ்வேறுபாட்டை விளக்க வில்லும் அம்பும் கொண்டு மீன் பிடித்தல் பற்றிய விவாதம் உதவும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கெண்டை போன்ற மீன்களை அம்பெய்து பிடிக்க அனுமதி உண்டு. தூண்டில்காரர்களுக்கெனப் பேணப்படும் மீன்களை அம்பெய்து பிடிக்கப் பொதுவாக அனுமதி இல்லை. இதற்குக் கூறப்படும் முதன்மைக் காரணம் எளியது: தூண்டிலில் சிக்கிய சிறு மீனை அளந்து பார்த்துத் திருப்பி விடலாம், அம்பு தைத்த மீனை அவ்வாறு விட முடியாது. அளவு விதி ஒன்று பயன்தர வேண்டுமெனில், பிடித்தபின்னும் உயிருடன் விடக்கூடிய முறையால் பிடித்திருக்க வேண்டும், அல்லது எய்வதற்கு முன்பே அளவைத் துல்லியமாக அறிய முடிய வேண்டும்.

இந்த அளவுகோலைக் கடல் அட்டைக்குப் பொருத்தினால், கையால் எடுக்கும் முறையே மிகுந்த தகுதி பெறுகிறது. அட்டை ஓடுவதில்லை. எடுத்த இடத்திலேயே அளந்து, சிறியதாயின் அதே மணலில் உயிருடன் வைத்துவிடலாம். இழுவை மடிக்கு இவ்வாய்ப்பு குறைவு. 1982 இன் விதி தவறியதும் இவ்விடத்தில்தான். அது அளவைச் சரியாகத் தேர்ந்தது. அளக்கும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தது. எனினும் கையால் பிடித்தல் என்பதே பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. ஓடாத உயிரினத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குவோர் பலராகும்போது, ஒரு படுகை முழுவதும் விரைவில் வெறுமையாகிவிடும். எனவே அளவு விதியுடன் எண்ணிக்கை வரம்பும், மூடிய பருவமும், பிடிக்கக் கூடாத இடங்களும் தேவைப்படுகின்றன.

பிற நாடுகளின் அனுபவம்

பப்புவா நியூ கினி 2009 இல் அட்டைப் பிடிப்பை முற்றிலும் நிறுத்தி, 2017 இல் பருவ வரம்பு, அளவு வரம்பு, மொத்தப் பிடிப்பு வரம்பு ஆகியவற்றுடன் மீண்டும் திறந்தது. ஆத்திரேலியாவின் டோரசு நீரிணையில் வாரியர் திட்டில் வெள்ளை அட்டைப் பிடிப்பு 1998 இல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தும் அங்கு எதிர்பார்த்த மீட்சி ஏற்படவில்லை. தடை சில இடங்களில் மீட்சி தரும் என்பதையும், மிகவும் தாமதமாக வரும் தடை பயன்தராமல் போகலாம் என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இலங்கையில் உரிம முறை நடைமுறையில் இருந்தும், விலை மதிப்புள்ள இனங்கள் பல குறைந்துவிட்டதாக ஆய்வுகள் தெரிவித்துள்ளன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் பகுதிகளில் கரையோரக் கடலை வலையால் அடைத்து அமைக்கப்பட்ட அட்டைப் பண்ணைகள், சிறு மீனவரின் தொழிலிடங்களை மறிப்பதாக அங்குள்ள தமிழ் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அனுமதி அளிப்பது மட்டுமே தீர்வாகாது, அனுமதி யாருக்கு, எவ்விடத்தில் என்பதும் முக்கியம் என்பதற்கு இது சான்று.

செயற்கை இனப்பெருக்கம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வு மையத்தில் 1988 இல் வெள்ளை அட்டைக் குஞ்சுகள் பொரிப்பகத்தில் உருவாக்கப்பட்டன. அட்டை ஆய்வில் பெயர்பெற்ற டி. பி. ஜேம்ஸ் இம்முயற்சியில் முதன்மைப் பங்காற்றினார். வெப்பநிலை மாற்றத்தால் முட்டையிடத் தூண்டும் இத்தொழில்நுட்பம், பின்னர் பல நாடுகளில் வெள்ளை அட்டை வளர்ப்புக்கு வழிகோலியது. முதல் அட்டவணை உயிரினத்தை வணிகத்துக்கென வளர்க்கச் சட்டத்தில் இடமில்லாமையால், இந்தியாவில் அது தொழிலாக வளரவில்லை. பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் விட்டு இனத்தைப் பெருக்கலாம் என்ற யோசனையை, தடை தொடர வேண்டும் என்போரும் தளர்த்த வேண்டும் என்போரும் ஏற்கின்றனர்.

மன்னார் வளைகுடாவின் முன்மரபு

கட்டுப்பாட்டுடன் கூடிய பிடிப்பு மன்னார் வளைகுடாவுக்குப் புதியதன்று. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த ஒன்றல்ல. அரசின் பொறுப்பில் முத்துப்பார்கள் சோதிக்கப்பட்டு, முதிர்ந்த சிப்பிகள் போதிய அளவில் உள்ளன என்று தெரிந்த ஆண்டுகளில் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்பட்டது. போதாத ஆண்டுகளில் பார்கள் மூடியே இருந்தன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்குப் பின்னர் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிப்பிலும் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சங்குகளைக் கடலிலேயே விட்டுவிடும் விதி இருந்தது.

இம்மரபில் மூன்று கூறுகள் இருந்தன: முதலில் கணக்கெடுப்பு, பின்னர் முடிவு, பிடிக்கும் இடத்திலேயே அளவு பார்த்தல். 1982 இன் விதியில் மூன்றாவது கூறு இல்லை. 2001 இன் தடையோ முதலாவது கூறின்றித் தொடர்கிறது. முத்துப்பார்களைச் சோதித்தது போல அட்டைப் படுகைகளும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்படுமானால், எந்தப் படுகை மூடப்பட வேண்டும், எது கையால் எடுப்போருக்கு மட்டும் சில நாள்கள் திறக்கப்படலாம் என்பதைச் சான்றுடன் முடிவு செய்ய இயலும். போதிய அட்டைகள் இல்லை என்று அச்சோதனை காட்டினால், தடை தொடர்வதற்கான காரணமும் மீனவர்கள் தாமே பார்த்தறியக்கூடியதாக அமையும்.